ஏழுமலை போட்ட காக்கி

படத்தின் இரண்டாம் பாகத்துக்கு நடிக்க ஆள் சேர்க்கும் வேலை என்னிடம் வந்த அன்றே வியாசர்பாடிக்குப் போனேன். ஏழுமலையின் வீட்டுக் கதவைத் தட்டியதும் அவர் மனைவி கஸ்தூரி திறந்தார். என்னைப் பார்த்ததும் கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றார்.

"போன படத்துக்கே இன்னும் நாங்க பதில் சொல்லிக்கினு கீறோம் சார். இன்னொண்ணா?"

உதவி இயக்குநராகச் சேர வரும் தம்பி தங்கைகள் என்னிடம் லென்ஸ் பற்றியும், லொகேஷன் பர்மிஷன் பற்றியும் கேட்கிறார்கள். இது யாரும் கேட்காத விஷயம். அதனால் நானே எழுதுகிறேன்.

1. முகம்

நான் திருவொற்றியூர்க்காரன். தொண்ணூறுகளின் கடைசியில் முதல் பாகம் எடுத்தபோது நான்தான் கடைசி அசிஸ்டென்ட். போலீஸ் கதை. ராயபுரத்தில் தொடங்கி எண்ணூரில் முடியும். மேக்கப் தேவைப்படாத முகங்களாக வேண்டும், உன் ஊர்தானே, பிடித்துக்கொண்டு வா என்று டைரக்டர் சொன்னார்.

ஏழுமலையை அப்படித்தான் பிடித்தேன். இளவயதில் பாக்ஸிங் ஆடியவர். மூக்குத்தண்டு உடைந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தையல் தழும்பு. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கான்ட்ராக்ட் லோடுமேன். குரல் மட்டும் மெல்லியது. டப்பிங்கில் வேறு ஆளை வைத்துப் பேசவைத்தோம்.

ஆணி தாஸ் என்ற ரவுடி வேஷம். மொத்தம் ஐந்து சீன். ஒரு சீனில் பள்ளிக்கூட வாசலில் ஒரு டீச்சரை வெட்டுவார். கடைசியில் ஹீரோ இன்ஸ்பெக்டர் அவரைச் சுட்டுக் கொல்வார். படம் நன்றாக ஓடியது. எனக்கு அடுத்தடுத்து வேலை கிடைத்தது. ஏழுமலைக்கு என்ன ஆனது என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

கஸ்தூரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஸ்டேஷனுக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர்கள் அந்த முகத்தை எங்கேயோ பார்த்ததாக நினைத்திருக்கிறார்கள். எங்கே என்று யோசிக்கவில்லை. பண்டிகைக்கு முன்னால் சந்தேகத்தின் பேரில் ஆள் பிடிக்கும்போதெல்லாம் ஏழுமலையையும் ஜீப்பில் ஏற்றினார்கள். நான்கு தடவை. சினிமாவில் நடித்தேன் சார் என்று சொன்னதற்குத் தனியாக ஒரு அறை விழுந்திருக்கிறது. யார்டில் லாரி டிரைவர்கள் அவரோடு சிரித்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் மகள் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று யாரோ ஒரு அம்மா தன் பிள்ளையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த ஏழுமலை இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த வாட்டி போலீஸா போட முடியுமா சார்? ஒரு கான்ஸ்டபிளா இருந்தாக்கூட போதும். ஜனங்க அந்த மூஞ்சிய மறந்துருவாங்க."

2. நெட்டுக்குப்பத்தில் மூன்று நாள்

டைரக்டரிடம் சொன்னேன். முதல் பாகத்தில் செத்தவனை எப்படிக் கொண்டுவருவது என்றார். இது வேறு ஆள், இன்ஸ்பெக்டரின் ஜீப் ஓட்டும் கான்ஸ்டபிள், நல்லவர் என்றேன். அவருக்கும் பிடித்திருந்தது. நான் திரும்ப வியாசர்பாடிக்குப் போய்க் கஸ்தூரிக்கு வாக்குக் கொடுத்தேன். இந்த வாக்கை வேறு யாரும் கொடுக்கவில்லை, நான்தான் கொடுத்தேன்.

காஸ்ட்யூம் வேனில் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏழுமலை வெகுநேரம் கண்ணாடி முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். ஸ்டில் போட்டோகிராபரிடம் கேட்டு, மனைவி மகளோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். மகள் அப்பாவின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எண்ணூர் பக்கம் நெட்டுக்குப்பத்தில் மூன்று நாள் எடுத்தோம். அனல்மின் நிலையப் புகை பின்னணியில் ஜீப் ஓட்டுகிற ஷாட்கள், இன்ஸ்பெக்டருக்கு டீ வாங்கிக் கொடுக்கிற ஷாட், சல்யூட். சல்யூட்டை அவர் வீட்டில் பழகிக்கொண்டு வந்திருந்தார். சாப்பாட்டு வேளையில் யூனிட்டில் எல்லாரும் அவரை ஏட்டய்யா என்று கூப்பிட்டார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. அந்த மூன்று நாளும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

3. ரஷ் பார்த்த பிறகு

எடுத்தவரைக்கும் போட்டுப் பார்த்தபோது ஹீரோவும் வந்திருந்தார். ஏழுமலை சல்யூட் அடிக்கும் இடத்தில் சிரித்துவிட்டார். ஆணி தாஸ் எப்போது போலீஸில் சேர்ந்தான், தியேட்டரில் கத்துவார்களே என்றார். டைரக்டர் அந்த ஷாட்டை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு கையைத் தட்டினார்.

இவன் ஆணி தாஸின் தம்பி என்றார். அண்ணனைக் கொன்ற இன்ஸ்பெக்டரைப் பழிவாங்கக் கள்ளப் பெயரில் போலீஸில் சேர்ந்திருக்கிறான். எடுத்தது எதையும் தூக்கிப்போட வேண்டாம். டீ வாங்கிக் கொடுப்பதுகூட இப்போது பயமாக இருக்கும். கடைசியில் ஹீரோ அவன் காக்கிச் சட்டையைக் கிழித்தெறிந்துவிட்டுச் சுடுவார்.

அறையில் எல்லாரும் பாராட்டினார்கள். கதையாகப் பார்த்தால் நல்ல மாற்றம்தான். அதை இன்றைக்கும் மறுக்க முடியவில்லை. ஏழுமலைக்குக் கொடுத்த வாக்கைச் சொன்னேன். டைரக்டர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார்.

"இப்ப சொன்னா அவன் வரமாட்டான். ஸ்பாட்ல சொல்லிக்கலாம். நீ கூட்டிட்டு வந்த ஆளு, நீயே பாத்துக்க."

ஏழுமலையின் அடுத்த சீனுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. தினமும் யூனிட்டுக்கு வந்துபோன அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அடுத்த சீன் என்ன என்று கேட்டார். உங்களுக்கும் இன்ஸ்பெக்டருக்கும் பெரிய சீன் என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

4. முகத்துவாரக்குப்பம்

பெரிய சீன் என்றதால் அன்று ஏழுமலை கஸ்தூரியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். உச்சி வெயில். மணலில் டிராலி போட்டிருந்தார்கள். நான் அவரைப் படகு மறைவுக்கு அழைத்துப்போய் சீன் பேப்பரைப் படித்துக் காட்டினேன். முடித்ததும் பேப்பரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

நான்கு நாளாகத் தெரியும் என்றேன்.

"நாலு நாளா என்கூட குந்திதான துண்ணுகினு இருந்த."

போய்விடுகிறேன் என்றார். போகலாம் என்றுதான் நானும் சொன்னேன். ஆனால் மீதியையும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் போனால் டூப் போட்டு முதுகுப் பக்கமாக எடுத்து முடித்துவிடுவார்கள். முகம் தெரிகிற மூன்று நாள் காட்சி ஏற்கெனவே கையில் இருக்கிறது. அவர் நடித்தாலும் நடிக்காவிட்டாலும் படத்தில் அவர் அந்த ரவுடியின் தம்பிதான்.

அவர் சீன் பேப்பரை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு கஸ்தூரியிடம் போய், வெயில் ஜாஸ்தி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போ என்றார். கஸ்தூரி படகுப் பக்கம் திரும்பினார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

ஒரே டேக். ஹீரோ சட்டையைப் பிடித்து இழுத்ததும் பட்டன்கள் தெறித்தன. சட்டையை விடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும்படி ஏழுமலைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவராகவே பிடித்துக்கொண்டார். கிழிக்கவே ஹீரோ சிரமப்பட்டார். டைரக்டர் ஓகே சொல்லிவிட்டு மானிட்டரை விட்டு எழுந்துவந்து கைதட்டினார். அந்தப் படத்திலேயே சிறந்த ஷாட் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். கிளாப் போர்டு பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான்.

5. காக்கிநாடா

படம் வெளியான இரண்டாவது வாரம் ஏழுமலையை மறுபடியும் ஜீப்பில் ஏற்றினார்கள். இந்தத் தடவை போலீஸ் வேஷத்தில் திரிந்தவன் என்று யாரோ சொன்னார்களாம். விட்டதும் அவர் குடும்பத்தோடு காக்கிநாடா துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். தமிழ்ப் படம் பார்க்காத ஊர் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று யார்டில் சொன்னார்கள்.

சில மாதத்தில் படத்தைத் தெலுங்கில் டப் செய்தார்கள். மேற்பார்வை பார்க்க என்னைத்தான் அனுப்பினார்கள். போஸ்டர் டிசைன் வந்தது. ஒரு பாதியில் ஹீரோவின் துப்பாக்கி, மறு பாதியில் கிழிந்த காக்கியோடு ஏழுமலை. இவர் முகம் வேண்டாமே என்று சொன்னேன். அந்த முகம்தான் சார் படமே என்றார்கள். இரண்டாவது தடவை நான் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் ஆபீஸுக்கு போன் வந்தது. கஸ்தூரி. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார்.

"இங்கயும் ஒட்டிட்டாங்க சார். தெருமுனை வரைக்கும் அவரு மூஞ்சிதான் கீது. மூணு நாளா வேலைக்குப் போவல, கதவ சாத்திக்கினு குந்திகினு கீறாரு. உன்னாண்ட இன்னா கேக்க போன் போட்டேன்னு எனக்கே தெர்ல."

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு காக்கிநாடாவுக்கு இரண்டு தடவை போய் விசாரித்தேன். அப்படி ஒருவர் இருந்தார், போய்விட்டார் என்றார்கள். எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் கற்றுக்கொண்டது இதுதான். கதை மாறினால் நடிப்பவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர் வராமல் போவார், ஷூட்டிங் நிற்கும், உங்களை வேலையை விட்டு அனுப்புவார்கள். போய்விடுங்கள். நான் போகவில்லை. அடுத்த படத்தில் கோ-டைரக்டர் ஆனேன்.