ஏழாவது வரி

அக்கா சுள்ளிக்கல்லிலிருந்து போன் செய்தாள். அடுத்த மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம். "அந்த நலங்குப் பாட்டு ஒங்கிட்டதானே இருக்கு? ஏழாவது வரில சம்பந்தி பேரை மட்டும் மாத்திக் குடுடா" என்றாள். தேடினேன். பென் டிரைவ் அடுக்களையில் ஒரு காலிப் பெருங்காய டப்பாவுக்குள் கிடந்தது. தொலையக் கூடாத சாமான்களை அம்மா அதில்தான் போட்டு வைப்பாள். மூடியைத் திறந்ததும் வந்த வாசனையில் ரசம் ஞாபகம் வந்தது. ரசத்தோடு அலமேலு மாமியும்.

அலமேலு மாமி அக்காவின் மாமியார். நிச்சயதார்த்தத்துக்கு மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம் தொடவில்லை. சிரிக்கவும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பெயரைத் தணிந்த குரலில்தான் சொன்னார்கள்.

எங்கள் கல்யாணங்களில் நலங்கின்போது சம்பந்திகளைக் கேலி செய்து பாடுவது உண்டு. பாட்டு ஒன்றுதான், கல்யாணத்துக்குக் கல்யாணம் பெயர் மாறும். ஏழாவது வரி மாப்பிள்ளையின் அம்மாவுக்கு. அக்கா கல்யாணத்தில் அது 'அலமேலு மாமி வெச்ச ரசம் ஆலப்புழைக் காயல் போல' என்று வரவேண்டும், அத்தனை தண்ணீராம். அந்த வரியே வேண்டாம், நல்லதாக ஏதாவது போடு என்றார் அப்பா. அக்கா என்னைத் தனியாக அழைத்து, "அந்த ஆத்துல போய் இருக்கப் போறது நானாக்கும். நெனவு வெச்சுக்கோ" என்றாள்.

வரி மாற்றும் வேலை எப்படி என்னிடம் வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் பேசுவது தமிழ், படிப்பது மலையாளம். அதனால் பாட்டை மலையாள எழுத்தில் கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருந்தேன். வாடகை புரொஜெக்டரில், அப்பாவின் வேஷ்டியைத் திரையாகக் கட்டி, வரி வரியாகக் காட்டுவதாக ஏற்பாடு.

ஃபைலைத் திறந்து அந்த வரியை அழித்துவிட்டு வேறு வரி அடித்திருந்தால் அரை நிமிஷ வேலை. ஆனால் நான் அப்போதுதான் தோப்பும்படியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் புரோகிராம் எழுதப் படித்திருந்தேன். கையால் அழிப்பது என் படிப்புக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. எனவே ஃபைலிலிருந்து எல்லா வரிகளையும் படித்து, சொன்ன எண்ணில் இருக்கும் வரியை மட்டும் எடுத்துவிட்டு, புது வரியை வைத்து, மறுபடி எழுதி வைக்கிற ஒரு புரோகிராமை நாள் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். ஏழு என்று எண் கொடுத்தேன். திறந்து பார்த்தால் புது வரி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பழையது போய்விட்டதா என்று மட்டும் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டர் வரிகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். முதல் நாள் வகுப்பிலேயே சொன்னார்கள். நானும் எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். அதனிடம் ஏழு என்றால் நம் கணக்கில் எட்டு. எட்டாவது வரியில் இருந்தது மாப்பிள்ளையின் அப்பா விடும் குறட்டை. அது போய்விட்டது. ரசம் அப்படியே இருந்தது.

நலங்கன்று சித்திதான் முன்னால் நின்று பாடினாள். பாடத் தொடங்கினால் சித்திக்கு வேஷ்டியைத் தவிர வேறொன்றும் தெரியாது. 'அலமேலு மாமி வெச்ச ரசம் ஆலப்புழைக் காயல் போல' என்று கணீரென்று பாடினாள். அடுத்த வரியாக என் சொந்தக் கற்பனை வந்தது: 'அவர் கைமணத்துக்கு ஈடு அவனியிலே யாருமில்லை.' வெறும் கேலியாக இருந்ததை நான் பாடுபட்டுக் குத்தலாக்கியிருந்தேன்.

மண்டபத்தில் எல்லோரும் மாமியைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். வேஷ்டிக்குப் பின்னால் போய் ஒளியலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

அலமேலு மாமி எழுந்து வந்து சித்தியின் பக்கத்தில் நின்றார். "இத்தர நேரம் எம்பேரே வரல்லையேன்னு இருந்தது" என்றார். "வேண்டப்பட்டவாளத்தானே கேலி பண்ணுவா. என்னை அன்னியமா வெச்சுட்டேளோன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக் காப்பியைப் பற்றித் திருப்பிப் பாடினார். அதில் போட்டிருந்த சர்க்கரைக்கு மட்டாஞ்சேரியிலிருந்து சுள்ளிக்கல்லில் அவர் வீடு வரை எறும்பு வரிசை நின்றதாம். நிச்சயதார்த்தத்திலிருந்து மனசுக்குள் கட்டி வைத்திருந்த பாட்டு. அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா மணையிலேயே அழுதாள், பயம் தீர்ந்த அழுகை. என் புரோகிராமை யாரும் பாராட்டவில்லை.

மாமி காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. சித்திக்கு இப்போது பாட மூச்சு போதவில்லை. பென் டிரைவ் ஆச்சரியமாக வேலை செய்தது. ஏழாவது வரியில் அலமேலு மாமி அப்படியே இருந்தார். பெங்களூர் சம்பந்தியின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அக்கா மறுபடி அழைத்தாள். கல்யாணத்தை எடுத்து நடத்துகிற ஆட்கள் கேலியெல்லாம் வேண்டாம் என்கிறார்களாம். சம்பந்தி வீட்டார் தப்பாக எடுத்துக்கொண்டால் வம்பு, வரவேற்கிற மாதிரி ஒரு வரி போதுமாம். "நம்மளோட பழகினவா இல்லையே அவா" என்றாள் அக்கா. அவள் குரலும் இறங்கித்தான் இருந்தது.

இப்போதெல்லாம் புரோகிராம் எழுத வேண்டியதில்லை. இந்த வரியை மாற்று என்று வாயால் சொன்னாலே மெஷின் மாற்றிவிடுகிறது. சொன்னேன். சரிபார்த்தேன். இந்தத் தடவை தப்பே நடக்கவில்லை. ஏழாவது வரிதான் மாறியிருந்தது. அலமேலு மாமி அங்கே இல்லை.