ராகு காலமும் ரொறன்ரோ போக மறுத்த காரும்

வெட்கத்தை விட்டு முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். உயிரோடு ஓடிக்கொண்டிருந்த காரை என் கையாலேயே நிறுத்தினேன். அதுவும் ஒரே காலையில் இரண்டு தடவை. தொழில் என்னவென்று கேட்காதீர்கள், பொறியியலாளர்.

2005 தை மாதம், ஒரு சனிக்கிழமை. ரொறன்ரோவில் அக்காவின் மகனுக்கு மாலை ஐந்து இருபதுக்கு முகூர்த்தம். தாலிக்கொடியோ முதல்நாள் இரவுதான் கொழும்பிலிருந்து ஒரு நண்பரின் கைப்பையில் மொன்றியல் வந்து இறங்கியது. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தாய்மாமனான என் பொறுப்பு. மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் வீட்டிலிருந்து மண்டபம் 540 கிலோமீற்றர். வெளியே மைனஸ் இருபத்தேழு.

ஒன்பதுக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் புறப்பட்டுவிட வேண்டும் என்றாள் மனைவி கலா. புட்டு இன்னும் அவிந்து முடியவில்லை. ஆகவே எட்டே முக்காலுக்கு நான் மட்டும் இறங்கி, காரை ஸ்ராட் செய்து, சக்கரத்தின் கீழ் வைத்த எலுமிச்சை, எங்கள் தேசிக்காய், நசிய இரண்டு முழம் நகர்த்தி, நிறுத்திவிட்டு மேலே வந்தேன். சாஸ்திரப்படி நாங்கள் புறப்பட்டாயிற்று. கார்தான் அதற்குப் பிறகு புறப்படவில்லை. ஒன்பது ஐந்துக்குத் திறப்பைத் திருகினால் கிழவர் கனைப்பதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பக்கத்து லவாலில் தெப்பனர், அதாவது மூலைக்கடை, வைத்திருக்கும் சிவமண்ணையை அழைத்தேன். கடையைப் பூட்டிவிட்டு வந்து, தன் காரிலிருந்து வயர் போட்டு என் பற்றரிக்கு உயிர் கொடுத்து, ஒன்பது நாற்பதுக்குத் திரும்பிப் போனார். புட்டுப் பொட்டலத்தோடு இறங்கி வந்த கலா இஞ்சின் சத்தம் கேட்டு நின்றுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, ராகு காலத்திலயோ ஸ்ராட் பண்ணினனீங்கள்? நிப்பாட்டுங்கோ."

எட்டே முக்காலுக்கே புறப்பட்டாயிற்றே என்று வாதாடிப் பார்த்தேன்.

"அது வேற ஸ்ராட். இது வேற ஸ்ராட். நாளைக்கு மாப்பிள்ளை பொம்பிளைக்கு ஒண்டெண்டால் மச்சாள் ஆரைக் கேப்பா?"

அக்காவின் முகம் கண்முன் வந்தது. நிறுத்தினேன்.

பத்து முப்பத்தொன்றுக்கு, மங்களகரமான வேளையில், கார் கனைக்கக்கூட இல்லை. தாலிக்கொடி என் உள்சட்டைப் பையில் கனத்தது. பேருந்து நேரத்துக்குப் போய்ச் சேராது. அந்தக் குளிரில் ராக்சிகூட அகப்படவில்லை. மறுபடியும் சிவமண்ணைதான். கடை திறந்த கையோடு மறுபடி பூட்டி வந்தவர் வயரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஓடின காரை ஏன் தம்பி நிப்பாட்டினனீ?"

நான் கலாவைப் பார்த்தேன். கலா பனியைப் பார்த்தாள். பற்றரி பிழைத்ததும், "இனி ரொறன்ரோ போய்ச் சேருமட்டும் திறப்பிலை கை வைக்காதை. அவவையும் வைக்க விடாதை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புறப்படும்போது பதினொன்று ஐந்து. இருபதாம் நெடுஞ்சாலையிலும், மாகாண எல்லை தாண்டி 401இலும் பனிப்புழுதி. டாஷ்போர்டில் எந்த விளக்கு மினுங்கினாலும் என் நெஞ்சும் மினுங்கியது. கிங்ஸ்ரனுக்கு அருகே ஓய்விடத்தில் முறை வைத்து இறங்கினோம். ஒருவர் உள்ளே போக, மற்றவர் ஓடும் காருக்குக் காவல். என் முறை வந்தபோது, இவள் மணியைப் பார்த்து எமகண்டம் என்று நிறுத்திவிடுவாளோ என்ற பயத்தில் போன காரியம் பாதியில் நின்றது.

ஐந்து பத்துக்கு மண்டப வாசலில் நிறுத்தினேன். இல்லை, நிறுத்தவில்லை. ஓடவிட்டபடியே கலாவிடம் விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். தாலிக்கொடியை வாங்கிய அக்கா, "சாப்பிட்டியே?" என்று மட்டும் கேட்டா.

குளிர்காலத்தில் இந்த வழியாகப் போகிறவர்களுக்கு: முதல்நாளே பெற்றோல் நிரப்புங்கள், எனக்கு நாற்பது டொலர் ஆனது. சிவமண்ணை கொண்டுவந்ததுபோல் பூஸ்ற் வயர் ஒன்று வாங்கி வையுங்கள். நல்ல நேரத்துக்குப் பயணப் பையைத் தூக்கி வாசலில் வையுங்கள், பை பழுதாகாது. குளிரில் கிடந்த இஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவது அதன் கழுத்தில் மிதிப்பதற்குச் சமம். அன்று மாலை எனக்கு மண்டபத்தில் தனி மரியாதை. தாலியைக் காப்பாற்றிய மாமன் என்று நானே நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

கல்யாணப் படங்கள் போன கிழமை வந்தன. பின்னேரம் நாலு மணிக்கு எடுத்த ஒரு படத்தில், ஐயரின் தட்டில், மஞ்சள் துண்டு கட்டிய தாலிக்கயிறு ஒன்று ஆயத்தமாக இருக்கிறது. அக்காவைக் கேட்டேன். தாலிக்கொடி வந்து சேராவிட்டால் கட்டவென்று முதல்நாளே சொல்லிச் செய்வித்ததாம்.