விதைக்கு விட்ட பாகற்காய்

வசந்தத்தில் மகளின் கார் நெடுஞ்சாலையில் மோதி அவளுக்குக் கால் முறிந்தது. அன்றிலிருந்து சின்னதாக எது மாறினாலும் எனக்கு நெஞ்சு படபடக்கும். பால்கனியில் பாகல் இலைகள் மஞ்சளானபோதும் அப்படித்தான்.

எங்கள் குட்டைப் பாகல் விதைகளில் மிஞ்சி முளைத்தது இந்த ஒரு கொடி. கடைகளில் இந்த வகை கிடையாது. வருடாவருடம் கோடை முழுவதும் பறித்துச் சமைத்துவிட்டு, கடைசிக் காயை விதைக்கு விடுவோம். அது பழுக்கும் முன்பே உறைபனி வந்துவிடும். கனடாவில், எங்கள் ஸ்காபரோவில் பாகல் வளர்க்கும் பலர் செய்கிற பிழைதான். இந்த முறையும் தவறினால் இனி இந்தப் பாகல் எங்களுக்கு இல்லை.

அதனால் மகள் முன்கூட்டியே ஒரு காயைத் தெரிந்தெடுத்து நாடா கட்டினாள். மற்றப் பிஞ்சுகளைக் கிள்ளி எறிந்தாள். ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து காவல் காத்தாள்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஒரு பாவக்காய்க்கு இவ்வளவு காவலோ? அப்ப கறிக்கு என்ன செய்யிறியள்?"

"இந்த வருசம் கத்தரிக்காய்தான் அன்ரி," என்றாள் மகள்.

செப்டெம்பரில் இரவுகள் குளிர்ந்தன. கொடியில் புதுப் பூ நின்றுபோனது. அடி இலைகள் வெளிறிச் சுருண்டன. காய் மட்டும் பச்சையாகவே தொங்கியது. நான் கத்திரிக்கோலை எடுத்தேன். காயை வெட்டினாலாவது கொடி பிழைக்கும்.

"நோ அம்மா! உது நோயொண்டுமில்லை. பிஞ்சிலயே பறிச்சால் கொடி இளமையா நிக்கும். விட்டால் இலையில இருக்கிற சத்தையெல்லாம் விதைக்கு அனுப்பிப்போட்டுக் கொடி கிழண்டிப்போகும்."

"கொடி செத்துப்போனால்?"

"சாகட்டுமன். காய் பழுத்தால் சரி."

'சாகட்டும்' என்ற சொல்லை அவள் வாயால் கேட்க என்னால் முடியவில்லை. கத்திரிக்கோலை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

பிறகு ஒருநாள் விடியற்காலையில் அவள் போட்ட சத்தத்தில் ஓடிவந்தேன். ஊன்றுகோல் இல்லாமலே பால்கனிக் கதவருகே நின்றிருந்தாள். திட்ட வாய் திறந்தேன். அப்போதுதான் காயைக் கண்டேன். செம்மஞ்சளாகப் பழுத்து, நுனி மூன்றாகப் பிளந்து, உள்ளே இரத்தச் சிவப்பாக விதைகள்.

"அன்ரி, ஓடிவாங்கோ! காவல்காரிக்குச் சம்பளம் வேணும்!"

அக்கா கிண்ணத்தோடு வந்தார். "சம்பளம் பிறகு. முதல் எனக்கு ரெண்டு விதை எடுத்து வையடி."

விதைகளைக் கழுவித் தட்டில் பரப்பினோம். கொடியில் ஒரு பச்சை இலைகூட மிச்சமில்லை. மாலையில் கைபேசியில் உறைபனி எச்சரிக்கை வந்தது.

"வரட்டும்," என்றேன்.