நானாவுக்கு நான் வரைந்த வழி

நான்காவது வெள்ளிக்கிழமை தொலைபேசி அடிக்கவில்லை.

அதற்கு முந்தைய மூன்று வெள்ளிக்கிழமைகளும் சாயங்காலம் நாலரை மணி வாக்கில் அடித்தது. இந்தியாவில் அப்போது மூன்று மணி. எந்த ஊரில் இருந்தாலும் ஒரு பள்ளிவாசலைத் தேடி ஜும்மா தொழுதுவிட்டு, ஒரு பூத்தைப் பிடித்து நானா பேசுவார். இங்கே வியட்நாமின் சைகோனில், கான் ஹொய் பகுதியில், துறைமுகச் சுவரை ஒட்டிய சந்தில், அவர் மனைவியின் நொய்யரிசிச் சோற்றுக் கடை. மீன் வறுக்கும் அடுப்புக்கு மேலே சுவரில் தொலைபேசி தொங்கும். எண்ணெய் தெறிக்காமல் இருக்க அதற்கு ஒரு பிளாஸ்டிக் பை மாட்டியிருப்பாள். அன்று நாலு மணிக்கே அந்தப் பையைக் கழற்றி மடித்து வைத்தாள். ஆறு மணிக்கு மறுபடி மாட்டினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனராக ஏறினேன். அதன்பின் எந்த ஊரிலும் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. இந்தியாவின் உள்நாட்டுப் பகுதிகளைப் பஸ்ஸிலும் லாரியிலும் கால்நடையாகவும் பல வருஷம் சுற்றினேன். பிறகு எல்லை தாண்டும் ஆசை வந்து, பாங்காக், கம்போடியா என்று நகர்ந்து, ஒரு மழைக்காலத்தில் சைகோனில் வந்து இறங்கினேன். ஊருக்குப் பெயர் மாறி எத்தனையோ வருஷமாகியும் கான் ஹொய்யில் எல்லாரும் சைகோன் என்றுதான் சொன்னார்கள். பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், மாரியம்மன் கோயிலுக்குப் பின்தெருவில், ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடும் வேலை கிடைத்தது. தங்க இடம் தேடியபோது நானாவின் வீட்டு மாடி அறை கிடைத்தது.

நானா என்றால் காரைக்கால் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணன். அவர் காரைக்காலைப் பார்த்ததில்லை. அவருடைய வாப்பா அங்கிருந்து கப்பலில் வந்து சைகோனில் துணிக்கடை வைத்தவர். அம்மா இந்த ஊர்க்காரி. கம்யூனிஸ்டுகளிடம் சைகோன் விழுந்த பிறகு மற்ற காரைக்கால்காரர்கள் விமானம் ஏறிப் போனபோது வாப்பா மனைவிக்காக இங்கேயே நின்றுவிட்டார். நானா சே ஓம் ஓட்டினார், அதாவது வாடகை மோட்டார் சைக்கிள். வாப்பாவிடம் கேட்டுப் பழகிய தமிழ் அவருக்கு வாயில் இருந்தது. எழுத்து தெரியாது.

நான் குடிவந்த அன்று, கேட்காமலே என் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் படியில் உட்கார்ந்து சந்து முனையையே பார்த்திருந்தேன். அரை மணி கழித்து வந்து, வார்டு போலீஸில் என் பெயரைப் பதிந்துவிட்டதாகச் சொன்னார். அந்த ஊர் வழக்கம் அது. புதிதாக யார் ஒரு ராத்திரி படுத்தாலும் வீட்டுக்காரர் போய்ச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டை அவர் மனைவி வாங்கி, தங்கள் குடும்பப் பதிவுப் புத்தகத்தோடு ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலங்களில் கடை முன்னால் குட்டை ஸ்டூல்களில் உட்கார்ந்து நான் கதை சொல்வேன். நானா அதை வியட்நாமியத்தில் சொல்லச் சொல்ல, துறைமுகக் கூலிகள் கேட்பார்கள். அவர்களில் ஒருவனுக்கு எப்போதும் ஒரே கேலிதான்: பன்றி இல்லாத சோற்றை விற்கும் கடையில் கதையாவது கொழுப்பாக இருக்கிறதே என்பான். எந்த ஊர் லாரிக்காரன் சோறு போடுவான், எந்த ஆற்றை எந்த மாதத்தில் நடந்தே கடக்கலாம், எந்தச் சந்தையில் வியாபாரிகளோடு சேர்ந்து படுத்துக்கொள்ளலாம் என்பதையெல்லாம் சொன்னேன். அடி வாங்கியதைச் சிரிப்பாக மாற்றிச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் ஜுரத்தோடு ஆறு நாள் கிடந்ததையும் அப்படித்தான். சில விஷயங்கள் சிரிப்பாக மாறாது. அவற்றை விட்டுவிட்டேன்.

ஒரு நாள் நானா தான் போகப்போவதாகச் சொன்னார். கல்கத்தாவில் இறங்கி, அங்கிருந்து தரை வழியாகவே, நான் போன வழியிலேயே காரைக்கால் வரை. ரயிலில் இரண்டு நாளில் போய்விடலாமே என்றேன். தலையை ஆட்டினார்.

"இங்க பக்கத்து மாவட்டத்துக்குப் போறதுக்கே எத்தன வருஷம் பர்மிட் சீட்டு வாங்கினோம், தெரியுமா தம்பி? யாரையும் கேக்காம ஒரு தடவ ரோட்டுல போவணும். அவ்வளோதான்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து வழி வரைந்தேன். சாலைகள், ஆறுகள், ஆற்றில் இறங்கும் இடங்களுக்கு அம்புக்குறி, சந்தை நாட்கள், லாரி நிற்கும் முக்குகள். எனக்குத் தெரிந்த ஒரே எழுத்தில், தமிழில், பெயர்களை எழுதினேன்; பின்பக்கம் கடையின் தொலைபேசி எண்ணைக் குறித்தேன். படிக்கத் தெரியாத நானா ஒவ்வொன்றையும் நான் சொல்லச் சொல்ல மனப்பாடம் செய்தார். அவர் மனைவி கீரை ஆய்ந்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: இவர் எங்கே படுப்பார்? எங்கே வேண்டுமானாலும் படுக்கலாம் என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை ஒரிசாவில் ஒரு சிறு ஊரிலிருந்து பேசினார். மனைவியோடு பேசிவிட்டு என்னைக் கூப்பிடச் சொன்னார். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"ராத்திரி படுக்குறதுக்கு முந்தியே ஸ்டேஷன்ல போயி பேரு சொல்லிட்டேன் தம்பி. போலீஸ்காரஹ சிரிச்சாஹ. டீ வாங்கிக் கொடுத்தாஹ."

நானும் சிரித்தேன். இந்தியாவில் தானாக நடந்து போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழைகிற ஆளை நான் பார்த்ததே இல்லை. அதற்குள் பிடிபட்டிருந்த அரைகுறை வியட்நாமியத்தில் அன்று சந்து முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தேன். கேட்டவர்கள் சிரிக்கவில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை, தாம் பெயர் பதிந்த ஸ்டேஷனில் நிறையக் கேள்வி கேட்டதாகச் சொன்னார். வியட்நாம் பாஸ்போர்ட், முஸ்லிம் பெயர், இந்தி தெரியாமல் தமிழ் மட்டும் பேசும் வாய், கையில் படம் போட்ட ஒரு காகிதம். ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்களாம். நானா, அந்த வேலை வேண்டாம், அங்கே அதற்கு அவசியம் இல்லை என்றேன். அதற்கு அவர் பழைய சங்கதி ஒன்றைச் சொன்னார். ஆட்சி மாறிய புதிதில் அவர் சித்தி மகன் ஒரு ராத்திரி பதியாமல் வீட்டில் படுத்துவிட்டான். விடிந்ததும் வந்து வாப்பாவை அழைத்துப் போனார்கள். நாற்பது நாள் கழித்துத்தான் விட்டார்கள்.

"மறஞ்சு படுக்குறவன்தான் பயப்படணும் தம்பி. நான் சொல்லிட்டுத்தானே படுக்குறேன்."

தொலைபேசியை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர் பேசியது காட்டு மாவட்டத்தின் விளிம்பிலிருந்து. அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. பஸ் அங்கே முடிந்துவிடும். அதற்கு மேல் மூங்கில் லாரியில்தான் போக வேண்டும். நான் அந்த வழியில் போன காலத்திலேயே போலீஸுக்கும் காட்டுக்குள் துப்பாக்கி எடுத்தவர்களுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. அங்கே ஸ்டேஷனைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கியிருக்கும். நான் பார்க்க, சந்தையில் மிளகாய் விற்ற ஒருவர் ஏதோ வேலையாக ஸ்டேஷனுக்குப் போய் வந்தார். மூன்றாம் நாள் அவரை ஆற்று மணலில் கண்டெடுத்தார்கள். போலீஸோடு பேசினால் காட்டுக்காரர்களுக்குச் சந்தேகம். பேசாமல் ஒதுங்கிப் போனால் போலீஸுக்குச் சந்தேகம். நான் இரண்டு பக்கமும் தலையைக் காட்டாமல், மிளகாய் மூட்டைக்கு நடுவே படுத்து அந்த வழியைக் கடந்தேன். சிரிப்பாக மாறாத கதைகளில் அது ஒன்று. வழியை வரைந்தபோது ஆற்றையும் முக்குகளையும் வரைந்தேன். இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் போகமாட்டார் என்று நினைத்தேனோ, என் கதை கெட்டுவிடும் என்று நினைத்தேனோ, இன்றுவரை தெரியவில்லை.

நாளைக்கு உள்ளே போகிறேன் என்றார் நானா. அவர் மனைவி என் தோளுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்று, அவர் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த ஸ்டேஷன் பக்கம் மட்டும் போகாதீர்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார். அவளும் என் முகத்தைப் பார்ப்பாள்.

"சரி நானா, பார்த்துப் போங்க" என்றேன்.

நான்காவது வெள்ளிக்குப் பிறகு ஐந்தாவதும் அப்படியே போனது. அடுத்த திங்கட்கிழமை மதியம், கடை ஓய்ந்த நேரம், அவள் எனக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். என்னைச் சூ என்று கூப்பிடுவாள். அவர்கள் பேச்சில் சித்தப்பா. பிள்ளைகள் கூப்பிடுகிற முறையிலேயே கூப்பிடுவது அங்கே மரியாதை.

"சூ, நீங்க சொல்லாம விட்டது என்ன?"

சொன்னேன். மிளகாய்க்காரரையும் சொன்னேன். அவள் அழவில்லை. தட்டில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கைகளை விரலால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், இவர் படுக்கும் முன் எங்கே போவார் என்று இந்த வீட்டில் இருந்த உங்களுக்குத் தெரியாதா என்றாள். தெரியும் என்றேன். எழுந்து போய்விட்டாள். வார்டு அலுவலகம், வெளிநாட்டு விவகார அலுவலகம், இந்தியத் துணைத் தூதரகம் என்று அந்த வாரம் முழுக்க அலைந்தாள். எல்லா இடத்திலும் மனு எழுதி வாங்கினார்கள். நான் ரொட்டி போடப் போய் வந்துகொண்டிருந்தேன். சந்தில் யாரும் கதை கேட்கவில்லை. கேலி பேசுகிற அந்தக் கூலிகூட என்னைக் கண்டால் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. அவள் எடுத்துக் கேட்டு, பேச்சு புரியாமல் என்னிடம் நீட்டினாள். இந்தி. ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவன் பேசினான். உங்கள் ஆள் இரண்டு வாரத்துக்கு மேலாக உள்ளே இருக்கிறார், தானாகவே வந்தார், எதற்கு வந்தார் என்று யாருக்கும் விளங்கவில்லை என்றான். யாரும் படிக்க முடியாத எழுத்தில் ஒரு படம் வைத்திருந்தாராம். ஆறு கடக்கும் இடமெல்லாம் அம்பு போட்டிருந்ததாம். அதன் பின்பக்கம் இருந்த நம்பரை ஓர் ஏட்டு இரக்கப்பட்டு அவனிடம் எழுதிக் கொடுத்தாராம். டீக்கடைக்காரன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"படம் போட்டது யாரோ, அந்த ஆளே வந்து சொன்னால்தான் விடுவாங்க பாய். சீக்கிரம் வரச் சொல்லுங்க. இந்த வாரம் இவரை வேற இடத்துக்கு மாத்தப்போறதாப் பேசிக்கிறாங்க. அங்க போனவங்க யாரையும் நான் திரும்பப் பார்த்ததில்லை."

தொலைபேசியை வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தப்பான நம்பர் என்றேன்.

மாடிக்குப் போய்ப் பையைக் கட்டினேன். கம்போடியா போகும் பஸ் மதியம் ஒன்று இருந்தது. ஓர் ஊரில் காரியம் கெட்டால் அடுத்த ஊர்: அதுவரை அப்படித்தான் வாழ்ந்திருந்தேன். பையைக் கட்ட ஐந்து நிமிஷம் ஆனது. ஆனால் பாஸ்போர்ட் அவளிடம் இருந்தது.

கீழே இறங்கி, பாஸ்போர்ட் வேண்டும் என்றேன். தோளில் பை தொங்கியது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். பாஸ்போர்ட்டோடு ஒரு பிளாஸ்டிக் உறையையும் எடுத்தாள். குடும்பப் பதிவின் நகல், கல்யாணச் சான்று, வாப்பாவின் பழைய பிரெஞ்சு அடையாள அட்டை, நானாவின் போட்டோ ஒட்டி வார்டு முத்திரை குத்திய கடிதம். அலைந்த வாரத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தாள். இரண்டையும் சேர்த்து என் கையில் வைத்தாள்.

"இந்தியில பேசினவர் என்ன சொன்னார்னு எனக்குத் தெரியாது, சூ. உங்க முகம் சொல்லிடுச்சு. நீங்க எந்தப் பக்கம் போகப்போறீங்கன்னு மட்டும்தான் தெரியல."

அடுப்புப் பக்கம் திரும்பி மீனைப் புரட்டினாள். சந்து முனை வரை நடந்தேன். அங்கே நானாவின் கூட்டாளி ஒருவர் சே ஓம் வண்டியோடு நின்று, எங்கே என்று கேட்டார். விமான நிலையம் என்று என் வாய் சொன்னது. ஏறி உட்கார்ந்த பிறகும், பாலத்தின் மேல் வண்டி போகும்போதும், மாற்றிச் சொல்ல நேரம் இருந்தது.

ஐந்தாம் நாள் அந்த ஸ்டேஷனுக்குள் நுழைந்தேன். மணல் மூட்டைகள் முன்னைவிட உயரமாக இருந்தன. வார்டு முத்திரை போட்ட கடிதத்தை அதிகாரி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் வரைந்த படத்தை மேஜையில் விரித்து, இது யார் கை என்றார். என் கை என்றேன். ஒவ்வோர் அம்புக்கும் ஒவ்வோர் ஆற்றுக்கும் பதில் சொல்ல வைத்து எழுதிக்கொண்டார்கள். மறுநாள் நானாவை விட்டார்கள். அவரை நான் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் செருப்பில்லாத கால் இழுத்து நடக்கும் சத்தத்தைக் கேட்டேன். டீக்கடைக்காரன் கல்கத்தாப் பக்கம் பஸ் ஏற்றிவிட்டதாகப் பிறகு சொன்னான். அவர் காரைக்காலுக்குப் போகவில்லை.

என்னை ஏழு மாதம் வைத்திருந்தார்கள். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. இடம் ஈரம், சோறு போதாது, இடது காது அதன்பின் சரியாகக் கேட்பதில்லை.

வெளியே வந்த அன்று டீக்கடைக்காரனின் தயவில் சைகோனுக்குப் பேசினேன். அவள்தான் எடுத்தாள். பின்னால் தட்டுகளின் சத்தமும் ஆட்களின் பேச்சும் கேட்டன. நானாவைக் கேட்டேன். தூங்குகிறார் என்றாள். அங்கே அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். அந்தச் சந்தில் யாரும் தூங்க முடியாத நேரம். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். பிறகு, மாடி அறையை வேறு ஆளுக்கு விட்டாகிவிட்டது என்றாள்.

நல்லது என்று சொல்லி வைத்தேன்.