பெல்மாவுக்கு வராத வேன்

டெல்சி தீவை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை. கார்னிவல் முடிந்து, சாம்பல் புதனும் கழிந்திருந்தது. யாரோ ஆடி உதிர்த்த பச்சை இறகுகள் படகுத்துறைச் சிமெண்டில் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தன. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன டிரைவர்கள், வாதுமை மரத்தடியில் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்திருந்தார்கள். பெரிய தீவிலிருந்து வந்த காலைப் படகு ஆட்களை இறக்கிவிட்டு, திரும்பிப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டிருந்தது.

வெர்லின் கட்ஜோ தன் வேனின் பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். வழியனுப்ப வந்தவள் இல்லை. தினமும் அந்த நேரத்துக்கு அங்கேதான் நிற்பாள். படகிலிருந்து இறங்கும் வெளியூர்க்காரர்களை ஏதாவது ஒரு கடற்கரையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலப் படகுக்குத் திருப்பிக் கூட்டிவருவதுதான் அவள் பிழைப்பு.

டெல்சி சிவப்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். தலையில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் தொப்பி. வேனைத் தாண்டும்போது நடையை மாற்றவில்லை, தலையை மட்டும் லேசாக அசைத்தாள். அண்டை வீட்டுக்காரிக்கு அசைக்கிற மாதிரி. வெர்லினும் அசைத்தாள். ஒரு காலத்தில் இந்த இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். வெர்லினுடைய மகன் கென்ரிக்குக்கு ஞானஸ்நானத்தின்போது பொறுப்பேற்ற ஞானத்தாய் டெல்சிதான். பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் அந்த ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மக்மேர் என்பார்கள். சாகிறவரை அறாத உறவு அது.

"பொறுமை! இன்னிக்கு எந்தக் கரை?" என்று மரத்தடியிலிருந்து கேட்டான் கோஸ்னெல். டிரைவர்களை வேனின் பெயரால் கூப்பிடுவதுதான் அங்கே பழக்கம். வெர்லினுடைய வேனின் முன்கண்ணாடிக்கு மேல் அவள் புருஷன் அல்பன் கைப்பட எழுதிய பெயர், பொறுமை. கோஸ்னெலின் வேனில் 'பேசினா பேசட்டும்' என்று எழுதியிருந்தது.

வேன் நிறைந்ததும் போகிற கரையின் பெயரை மரத்தடியில் நின்று உரக்கக் கூவ வேண்டும். எல்லா வேனும் ஒரே கரையில் போய்க் குவியாமல் இருக்க யாரோ எப்போதோ போட்ட ஏற்பாடு. கூவிவிட்டால் மாற்ற முடியாது. ஒவ்வொரு கரையிலும் ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. எந்த வேன் எங்கே போகிறது என்பதை வைத்து, யாருக்கும் யாருக்கும் ஆகிறது, யாருக்கும் யாருக்கும் ஆகவில்லை என்று ஊர் சொல்லிவிடும். மீன் வாங்க வருகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

வெர்லின் வேனில் அன்று ஒரு வயதான தம்பதியும் மூன்று இளம்பெண்களும் ஏறியிருந்தார்கள். டெல்சி படகின் பலகையில் கால் வைத்துவிட்டாள்.

"பெல்மா!" என்று கூவினாள் வெர்லின்.

மரத்தடியில் தலைகள் திரும்பின. பிறகு யாரோ குபீரென்று சிரித்தார்கள். "பெல்மாவா? அங்க சோறு போடுறவளே இதோ படகுல ஏறிட்டாளேம்மா!"

டெல்சி திரும்பிப் பார்க்கவில்லை. காதில் விழுந்ததா, படகு எந்திரத்தின் இரைச்சலில் அமிழ்ந்துவிட்டதா என்று வெர்லினுக்குத் தெரியவில்லை. பெட்டியை ஒரு பையன் வாங்கி உள்ளே வைத்தான். தொப்பி மறைந்தது.

அல்பன் செத்தபோது வெர்லினுக்கு மிஞ்சியது இந்த வேனும், பல் முளைக்காத கென்ரிக்கும். வேனை விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். வாதுமை மரத்தடியில் அதுவரை பெண் நின்றதில்லை. யாரும் வாய்விட்டுப் போகச் சொல்லவில்லை. அவள் எந்தக் கரையைக் கூவப் போனாலும், "அது நெறஞ்சிருச்சே மிஸ் வெர்லின்" என்பார்கள், அவ்வளவுதான். மேற்குப் பக்கத்து அமைதியான கரைகள் எல்லாமே அவளுக்கு மட்டும் எப்போதும் நிறைந்திருந்தன.

மிச்சம் இருந்தது கிழக்கே பெல்மா. பாதை மோசம், அலை கொஞ்சம் முரடு. அங்கே டெல்சி நான்கு கம்பு நட்டு, தகரம் போட்டு, மீனவர்களுக்கு மட்டும் சமைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்கயே கொண்டுவா மக்மேர்," என்றாள் டெல்சி. "அவனுங்க கரையெல்லாம் சும்மா தொட்டித் தண்ணி. இங்கதான் கடலுக்கு உசுரு இருக்கு. நீ ஆளக் கொண்டுவா, நான் வயித்த நெறைக்கிறேன். நெறஞ்ச வயிறு அலையப் பத்திக் கொற சொல்லாது."

அப்படியே நடந்தது. பொரித்த மீனும், சேம்பிலைக் குழம்பும், சோளமாவுக் களியும், சனிக்கிழமைகளில் சங்குக் கறியும் சாப்பிட்டவர்கள் ஊருக்குப் போய் நாலு பேரிடம் சொன்னார்கள். படகிலிருந்து இறங்கும்போதே பெல்மா என்று கேட்கிறவர்கள் வந்தார்கள். கோஸ்னெலே ஒருநாள் பெல்மா என்று கூவிவிட்டு, வெர்லினைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினான். கென்ரிக் அந்த மணலில்தான் நடை பழகினான், டெல்சியின் தகரத்தடியில்தான் வீட்டுப்பாடம் எழுதினான், அங்கிருந்தே ஒருநாள் வேலை தேடி டிரினிடாட் போனான்.

பிறகு கடற்பாசி வந்தது.

முதல் வருஷம் அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பழுப்பு நிறத்தில் ஒரு கோடு மாதிரி மிதந்து வந்து மணலில் ஒதுங்கியது. டெல்சியும் வெர்லினும் வாரிக் குவித்தார்கள், ஒருத்தர் முதுகுவலியை ஒருத்தர் கிண்டல் செய்துகொண்டார்கள். அடுத்த வருஷம் இடுப்பு உயரத்துக்கு வந்தது. வெயில் பட்டதும் அழுகி, கெட்டுப்போன முட்டை மாதிரி நாறியது. அந்த ஆவி பட்டு டெல்சியின் வெள்ளித்தோடு கறுத்தது, பிறகு ஃப்ரிட்ஜ் நின்றது. காலையில் வாரினால் மதியம் மறுபடி கிடக்கும். அதற்குப் பிறகு எந்த வருஷம் வரும், எந்த மாதம் போகும் என்று சொல்லவே முடியாமல் போயிற்று. மேற்குக் கரைகளில் ஒரு இழைகூடக் கிடையாது.

வேனில் ஏறுகிறவர்கள் கைபேசியில் படத்தைக் காட்டிக் கேட்க ஆரம்பித்தார்கள். "இந்த நாத்தம் பிடிச்ச எடமா?" போகாமல் திரும்பினவர்கள் உண்டு, போய்ப் பார்த்துவிட்டுக் கத்தினவர்கள் உண்டு. சிநேகிதி கடை நடத்துகிறாள் என்பதற்காகக் குப்பைமேட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டாள் என்று ஒருத்தன் எழுதிப் போட்டான். கென்ரிக் அதைப் படித்துவிட்டு ஃபோன் செய்தான்.

"அம்மா, வேற கரைக்குப் போயேன். ஞானம்மா புரிஞ்சுக்குவாங்க."

"அவ புரிஞ்சுக்குவாடா. நான்தான் எப்படிச் சொல்றது?"

எப்படிச் சொல்வது என்று அவள் ஈஸ்டர் முடியும்வரை யோசித்தாள். யோசித்து யோசித்து அலுத்தாள். ஒருநாள் காலை, இரவெல்லாம் தூங்காத கண்ணோடு மரத்தடியில் நின்று, "லான்ஸ் ரோண்ட்!" என்று மேற்குக் கரை ஒன்றைக் கூவினாள். சுற்றி நின்றவர்கள் முகத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏறினாள். இனி சொல்ல வேண்டியதில்லை என்று பட்டது. மரத்தடியில் கூவினது அரைமணி நேரத்தில் தீவின் அடுத்த முனையில் கேட்கும். அது தெரியாதவள் இல்லை டெல்சி.

அன்றும் டெல்சி ஃபோன் செய்யவில்லை, மறுநாளும் செய்யவில்லை. கோபம் என்று வெர்லின் எடுத்துக்கொண்டாள். நியாயமான கோபம்தான், தணியட்டும் என்று விட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் டெல்சி வேறு வரிசையில் உட்கார்ந்தாள். மழைக்காலம் வந்தது, பெல்மாவில் தகரம் கழற்றப்பட்டது. புரூக்ளினில் யாரோ ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம், டெல்சி போகிறாளாம் என்று ரொட்டிக்காரி சொல்லித்தான் வெர்லினுக்குத் தெரிந்தது.

அந்த வியாழக்கிழமை பெல்மாவில் பாசி அப்போதுதான் விளிம்பு கட்டியிருந்தது. இளம்பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுத்தார்கள். வயதானவர் வேனை விட்டு இறங்கவே இல்லை. "சாப்பிட ஏதாவது கிடைக்குமா?" என்று அவர் மனைவி கேட்டாள். நான்கு கம்புகளும் நின்றுகொண்டிருந்தன. வெர்லின் தன் மதியச் சாப்பாட்டை எடுத்து நீட்டினாள்.

சாயங்காலம் படகுக்குக் காத்திருக்கும்போது கோஸ்னெல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தொண்டைக்கு இஞ்சி மென்றுகொண்டிருந்தான்.

"காலைல நீ கூவினத அவ காதுல வாங்கல போலிருக்கே."

"வாங்கினா என்ன, வாங்காட்டி என்ன. போயிட்டா."

"அதத்தான் நானும் சொல்றேன். சொல்ல வேண்டியத போன ஈஸ்டரப்பவே சொல்லியிருக்கணும் நீ."

"எதச் சொல்லணும்?"

"இனிமே வரமாட்டேன்னு."

வெர்லினுக்கு எரிச்சல் வந்தது. "இங்க நின்னுதானே லான்ஸ் ரோண்ட்னு கத்தினேன்? உங்க அத்தன பேர் காதும் அடைச்சா போச்சு? ஒருத்தன் தும்மினா ஊருக்கே சளி பிடிக்குது. இது மட்டும் அவளுக்குப் போய்ச் சேராதா?"

கோஸ்னெல் இஞ்சியைத் துப்பினான். "போய்ச் சேரும்தான், வேற யாரா இருந்தாலும். மக்மேர் ரெண்டு பேருக்கு நடுவுல எவன் மூக்க நுழைப்பான்? நாளைக்கு நீங்க ஒண்ணாயிடுவீங்க, அறுபட்ட மூக்கோட நாங்க நிக்கணும். நீயே சொல்லியிருப்பேன்னு எல்லாரும் நெனச்சோம்."

கோஸ்னெல் இன்னொரு துண்டு இஞ்சியை வாயில் போட்டுக்கொண்டான்.

"அந்த வாரம் பூரா சமைச்சு வெச்சிட்டு உக்காந்திருந்தா. தண்ணி கொண்டுபோய் இறக்கப் போனப்ப பாத்தேன். மேசையில துணி விரிச்சு, பறக்காம இருக்க கல்லு வெச்சு. தட்டெல்லாம் கவுத்து அடுக்கி. மணி ரெண்டுக்கு மேல ஆச்சு. 'பொறுமைக்கு டயர் கிழிஞ்சிருக்கும், ஓட்டத் தெரியாதவ, கல்லு மேலயே ஏத்துவா'ன்னு சொன்னா."

"நீ என்ன சொன்ன?"

"டயர்தான் போலன்னேன்."

படகு வந்தது. இரண்டு பேரும் எழுந்து அவரவர் ஆட்களை ஏற்றிவிடப் போனார்கள்.

அன்று வீட்டுக்குப் போனதும் வெர்லின் டெல்சிக்கு ஒரு செய்தி அனுப்பினாள். 'நீ காத்திருந்தது எனக்குத் தெரியாது மக்மேர். கரைய மாத்தினது உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்.' எழுதியபின் படித்துப் பார்த்தாள். தவறு முழுவதும் டெல்சியுடையது என்பதுபோல இருந்தது. அதற்குள் போய்விட்டது. சில நாட்களில் டெல்சி அதைப் படித்துவிட்டதற்கான அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை. மறுபடி எழுத உட்கார்ந்தபோதெல்லாம், சமைத்து வைத்த சோற்றின் முன்னால் என்ன வார்த்தையைப் போடுவது என்று தெரியாமல் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

அதன் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டது. விடிந்ததும், படகுத்துறைக்குப் போகும் முன் பெல்மாவுக்கு ஓட்டிப் போவாள். இறங்க மாட்டாள். கண்ணாடி வழியே கடலைப் பார்ப்பாள். சுத்தமாக இருந்தால் அன்று மரத்தடியில் பெல்மா என்று கூவுவாள். ஆட்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவாள், அங்கே கடை இல்லை, சாப்பாடு கையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று. பாதிப் பேர் இறங்கி வேறு வேனுக்குப் போவார்கள். பாசி கிடந்தால் லான்ஸ் ரோண்ட். அங்கே குடைகள் வரிசையாக நிற்கும், பாட்டு அலறும், கடைக்காரிக்கு அவள் பெயர்கூடச் சரியாகத் தெரியாது.

"ரெண்டுல எது நல்ல கரைங்க?" என்று ஏறுகிறவர்கள் கேட்பார்கள்.

"இன்னிக்குத் தேதிக்கு எது நாறலையோ அது," என்பாள். அவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். இடுப்பு வலித்தது. கியர் மாற்றும்போது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. வேனை விற்றுவிட்டு டிரினிடாட் வந்துவிடு என்று கென்ரிக் சொல்லிக்கொண்டே இருந்தான். வருகிறேன் என்று அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள். பெல்மாவில் கம்புகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. இன்னொரு கார்னிவல் வந்து போயிற்று. அதற்கடுத்த மழையும் பெய்து ஓய்ந்தது.

காற்று குளிர ஆரம்பித்திருந்த ஒரு காலை, மரத்தடியில் வேன் நிறையக் காத்திருக்கும்போது கைபேசி சிணுங்கியது. டெல்சியின் குரல், பதிவு செய்து அனுப்பியது. வெர்லின் கோஸ்னெலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, காதோடு ஒட்டி வைத்தாள்.

"மக்மேர், நான்தான். உசுரோடதான் இருக்கேன். இங்க குளிர் எலும்புக்குள்ள பூந்து குடித்தனம் பண்ணுது. நான் பாத்துக்கிற அம்மாவ நேத்து கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனேன். கடலாம் கடல், பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு. சரி, விஷயத்துக்கு வர்றேன். கீழ் வீட்டுப் பொண்ணு புருஷனோட நம்ம ஊருக்கு வருது. எந்தக் கரைக்குப் போகலாம்னு கேட்டா. பெல்மான்னு வாயில வந்திருச்சு, முழுங்கிட்டேன். படகுத்துறையில பொறுமைன்னு ஒரு பழைய வேன் நிக்கும், அதுல ஏறு, அவ எங்க கொண்டுபோறாளோ அங்க போன்னு சொல்லிட்டேன். பாசி கெடந்தா பெல்மாவுக்குக் கொண்டுபோயி என் பேரக் கெடுத்துறாத. ஆனா ஒண்ணு. எந்தக் கரையா இருந்தாலும், அங்க சமைக்கிறவகிட்ட நீயே போய்ச் சொல்லிடு, வருவேன்னாலும் சொல்லு, வரமாட்டேன்னாலும் சொல்லு. மீன அரிஞ்சு வெச்சிட்டு ரோட்டையே பாத்துட்டிருக்கிறது ரொம்ப அசதி மக்மேர்."