பத்து விரலும் ஒரு தூள்பையும்

எங்கள் மச்சான் ராயப்பராஜுக்குப் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. இது ஒரு சேதியா என்று நீங்கள் கேட்கலாம். அவரிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு யார் வந்தாலும், கொடுத்த காபி ஆறுவதற்குள் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிடுவார். மூன்று வருடமாக ரம்ப மெஷினில் வேலை பார்க்கிறேன், ஒரு நகம்கூடப் போனதில்லை என்பார். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். நானும் பிளந்தவள்தான். அதனால் இதில் திட்டு விழும் இடத்திலெல்லாம் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

நான் எழுத வந்தது அவரைப் பற்றி அல்ல. அவர் மனைவி, என் கூடப் பிறந்த அக்கா ரோஸ்மேரியைப் பற்றி. ஆனால் அக்காவைப் பற்றி வாயைத் திறந்தாலே மச்சான் முன்னால் வந்து நின்றுகொள்கிறார். முப்பத்து நாலு வருடமாக அப்படித்தான்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. சாணார்பட்டிப் பக்கம் பிறந்து, திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். இருபத்தாறு வருடம் ஒரு நர்சரிப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் பாட்டும் சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் தையல் மெஷின் உண்டு. தெருவில் பாதிப்பேர் போட்டிருக்கும் நைட்டி அவள் தைத்தது. ஆனால் அவளுக்கென்று ஒன்று உண்டென்றால் அது குரல்தான். பெரிய வெள்ளியன்று கோயிலில் மாதாவின் புலம்பலைப் பத்தொன்பது வருடம் அவள்தான் பாடினாள். மூச்சு விடாமல் நீட்டிக்கொண்டே போவாள். கடைசி பெஞ்சில் அரட்டை அடிக்கிற ஆம்பளைகள்கூட வாயை மூடிவிடுவார்கள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அவள் ரோஸ்மேரி. மற்ற நாளெல்லாம் ராயப்பராஜ் வீட்டம்மா.

மச்சான் மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு டேபிள் சா வாங்கினார். மேசையின் நடுவில் வட்ட ரம்பம் நிமிர்ந்து நிற்கும். மரத்தை அதை நோக்கித் தள்ள வேண்டும். வீட்டின் பின்பக்க அறையைக் காலி செய்து, அதைப் பட்டறையாக்கினார். அந்த அறை அதுவரை அக்காவின் தையல் அறை. தையல் மெஷின் ஹாலில் டிவிக்குப் பக்கத்துக்கு வந்தது. அப்போது ஒருவரும் அதை ஒரு விஷயமாகவே பேசவில்லை.

மனிதர் சோம்பேறி இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். யூடியூபைப் பார்த்துப் பார்த்து, விரல் ரம்பத்தின் பக்கமே போகாதபடி விதவிதமான ஜிக் செய்தார். ஜிக் என்றால் மரத்தைப் பிடித்துக்கொள்ள, தள்ள, அணைத்துக்கொள்ள உதவுகிற கட்டைகள். குறுக்காக அறுக்க ஒரு சறுக்குத் தட்டு. ஒல்லியான பட்டையைத் தள்ள, கைப்பிடி வைத்த தள்ளுகட்டை. அறுபடும் மரம் திரும்பி உதைக்காமல் இருக்கச் சீப்பு மாதிரி பல் வெட்டிய ஒரு கட்டை. சுவரில் ஒரு பெரிய பலகை அடித்து, ஒவ்வொன்றுக்கும் ஆணி வைத்து, எது எங்கே என்று பென்சிலால் உருவம் வரைந்து, மேலே சிவப்புப் பெயின்டில் ‘பாதுகாப்பு’ என்று எழுதினார். எனக்கு ஒரு புத்தக அலமாரி செய்துகொடுத்தார். வத்தலக்குண்டு பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கிற டீச்சர்களிடமெல்லாம் நான் அதைப் பற்றிப் பீற்றிக்கொண்டேன்.

அக்கா மட்டும் உள்ளே வரக் கூடாது. முந்தானை சிக்கும், வளையல் மாட்டும் என்பது அவர் சொன்ன காரணம். நியாயமான காரணம். அக்கறைதான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

அறுக்கும்போது தூள் பறந்தது. அவருக்குத் தும்மல் வந்தது. உடனே அதற்கும் வழி செய்தார். உறிஞ்சுகிற மோட்டார் ஒன்றை மெஷினுக்கு அடியில் மாட்டி, சுவரில் ஓட்டை போட்டு, நாலு இஞ்சு பிவிசி பைப்பை வெளியே எடுத்தார். பைப்பின் வாயில் ஒரு துணிப்பை கட்ட வேண்டும். காற்று துணி வழியாகப் போய்விடும், தூள் பைக்குள் தங்கிவிடும். அந்தப் பையை அக்காதான் தன் பழைய காட்டன் போர்வையில் தைத்துக் கொடுத்தாள். அதைத் தொங்கவிட்ட இடம், மேலே தகர ஷீட் போட்ட பின்பக்கச் சந்து. சமையலறை ஜன்னல் திறப்பது அந்தச் சந்தில்தான். சாயங்காலம் பையை அவிழ்த்து, உதறி, சாக்கில் கட்டி டீக்கடை மரத்தூள் அடுப்புக்குக் கொடுத்துவிடுவது அக்காவின் வேலை. மச்சான் மாஸ்க் போட்டு அறுப்பார். அக்கா மூக்கில் ஒன்றுமில்லாமல் உதறுவாள்.

அதற்குப் பிறகு ஆறு மாதத்தில் அக்காவுக்கு இருமல் வந்தது.

இருமலுக்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள், எல்லாமே அவள் செய்த குற்றம். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்கிறாள். தயிர் சாப்பிடுகிறாள். ஃபேனுக்கு நேர் கீழே படுக்கிறாள். அவர்கள் பேச்சைக் கேட்டுக் கொசுவர்த்தியை நிறுத்தினாள். சாம்பிராணியை நிறுத்தினாள். வாழைப்பழத்தை விட்டாள். பூனை முடியாக இருக்கும் என்று யாரோ சொல்ல, ஒன்பது வருடம் வளர்த்த பூனையைச் சேவுகம்பட்டியில் ஒரு தோட்டத்துக்குக் கொடுத்து அனுப்பினோம். அதைக் கொண்டுபோய் விட்டவள் நான். பஸ்ஸில் கூடைக்குள்ளிருந்து அது கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். காசநோய் இல்லை என்றார். விறகடுப்பா என்று கேட்டார். கேஸ்தான் என்றாள். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். மரத்தூள் உண்டா என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மர வேலை மச்சானுடையது, தன்னுடைய இருமலுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வாயில் வைத்து இழுக்கிற இன்ஹேலர் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

இந்த வருடம் தவக்காலம் தொடங்கியது. பெரிய வியாழன் இரவிலிருந்து ஈஸ்டர் உயிர்ப்பு வரை கோயிலில் மணி அடிக்க மாட்டோம். மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவோம். பழைய கட்டைகளைக் கரையான் தின்றுவிட்டது. புதிதாகப் பன்னிரண்டு செய்து தருகிறேன் என்று மச்சான் ஏற்றுக்கொண்டார். சத்தம் நன்றாக வருமென்று வாகை மரம் வாங்கினார். வாகைத் தூள் மூக்கில் ஏறினால் குதிரையும் தும்மும். அந்த மாதம் அக்காவால் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச முடியாமல் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மச்சானுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கோயில் வேலைக்காகக் கைம்மாறு கேட்காமல் உழைக்கிற மனிதர் என்று மைக்கில் சொன்னார்கள். அக்கா அப்போது இருமிக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பி முறைத்தார்கள். வாசலுக்கு வந்ததும் பாடகர் குழுத் தலைவர் பிராங்கிளின் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அக்கா, இந்த வருசம் நீங்க செத்த ரெஸ்ட் எடுங்க. புலம்பலை நாங்க பென் டிரைவுல போட்டுக்கிறோம்.”

பத்தொன்பது வருடத்துக்கு ஒரு பென் டிரைவ். அக்கா சரி என்று தலையாட்டினாள். ஆட்டோவில் ஏறியதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருமுகிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. மச்சான் பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தோசை ஊற்றலாம் என்று கல்லை எடுத்தேன். மேலே மஞ்சளாக ஒரு படலம். என்னக்கா, கழுவவில்லையா என்று கேட்டேன். காலையில்தான் தேய்த்துக் கவிழ்த்தேன் என்றாள். விரலால் இழுத்தேன்; கோடு விழுந்தது. அந்த நேரம் பட்டறையில் மெஷின் ஓடத் தொடங்கியது. ஜன்னலுக்கு வெளியே போர்வைப் பை ஊதிப் பெருத்தது. ஷீட்டின் ஓட்டை வழியாக ஒரு வெயில் கற்றை சரியாக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. பையைச் சுற்றிப் புகை மாதிரி ஒன்று கிளம்பி, அவசரமே இல்லாமல் ஜன்னலுக்குள் வந்தது. அக்கா அதற்குள் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினாள்.

பட்டறைக்குப் போனேன். தரை கண்ணாடி மாதிரி இருந்தது. மச்சான் மாஸ்க்கை இறக்கிவிட்டு, ஒரு பொட்டுத் தூசி இருக்கிறதா பார் என்றார். இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை. அவர் அறையின் தூசியையெல்லாம் பைப் போட்டு அவள் அறைக்கு அனுப்பியிருந்தார். கனமான தூளைத் துணி நிறுத்தியது, நெஞ்சுக்குள் போகிற மாவுத் தூளை விட்டுவிட்டது. அவள் தைத்த பை வழியாகவே.

வீட்டிலிருந்த இரண்டு தோசைக் கல்லையும் கழுவித் துடைத்து, ஒன்றைப் பட்டறையிலும் ஒன்றைச் சமையலறையிலும் வைத்தேன். மூன்று மணி நேரம் அவர் வாகையை அறுத்தார். பிறகு இரண்டையும் கொண்டுவந்து மெஷின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பட்டறைக் கல் கறுப்பாகப் பளபளத்தது, சமையலறைக் கல்லில் மஞ்சள் படலம். அரை மில்லிமீட்டர் பிசகினால் பலகையைத் தூக்கி எறிகிற மனிதர், குனிந்து வெகு நேரம் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து சொன்னார்.

“பையில எங்கயோ ஓட்டை இருக்கும்மா. ரோசு தைச்ச தையல் லூசா இருக்கும்.”

அடுப்பங்கரையிலிருந்து கல்லோடு சேர்ந்து கரண்டியையும் எடுத்து வந்திருந்தேன். அதை அவர் மேல் எறியாமல் இருந்ததற்கு மாதாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

பட்டறை வாசலில் அக்கா நின்றிருந்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக, மெஷின் நிற்கும்போதுகூட மிதிக்காத அந்தத் தரையில் காலை வைத்தாள். நடுவில் வந்து நின்று மெதுவாக மூச்சை இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். இருமல் வரவில்லை.

“ஓட்டைய நீங்க பொறுமையா தேடுங்க. இந்த வீட்டுல நல்ல காத்து இங்கதான் இருக்கு. நான் இங்கயே இருந்துக்கிறேன்,” என்றாள்.

மச்சான் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. என்னிடம், அடுப்பைத் தூக்கு என்றாள். நான் அடுப்பைத் தூக்கினேன், அவள் மசாலா டப்பாவை எடுத்தாள், பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டு சிலிண்டரை உருட்டினோம். டேபிள் சாவின் பிளக்கைப் பிடுங்கி, ரம்பத்தைக் கீழே இறக்கச் சொல்லி, இரும்பு மேசையில் மாவு பிசைந்தாள். அன்று ராத்திரி சப்பாத்தி.

முதல் நாள் அவர் கோபப்பட்டார். இரண்டாம் நாள் கட்டைகள் இன்னும் ஐந்து பாக்கி என்று கெஞ்சினார். மூன்றாம் நாள் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒருவரும் இல்லாத சமையலறையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். பையில் பழைய தூள் உதறாமல் அப்படியே கிடந்தது; யாரும் சொல்லாமலே போய் உறிஞ்சும் மோட்டாரை மட்டும் போட்டுவிட்டு வந்து திரும்ப உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் அவருடைய இருமல் சத்தம் கேட்டது. அக்கா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு அதைக் கேட்டாள்.

நாலாம் நாள் ஆள் வைத்து மெஷினை வெளியே தூக்கினார். காம்பவுண்டு ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு, தூளை மூடி போட்ட டிரம்முக்குள் இறக்கி, மிச்சக் காற்றைக் காலி மனைப் பக்கம் உயரத்தில் விட்டார். பையைக் கழற்றி அவரே எரித்தார். மீதிக் கட்டைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பொண்டாட்டிக்காகப் பட்டறையையே மாற்றிய புருஷன் என்று ஊரில் அதற்கும் அவரைத்தான் பாராட்டினார்கள். பிராங்கிளின் என்னிடமே அப்படிச் சொன்னார். நான் அவரிடம் என்ன சொன்னேன் என்பது இங்கே எழுதத் தகுந்ததல்ல.

பெரிய வெள்ளியன்று மச்சானின் கட்டைகள் கணீரென்று ஒலித்தன. அதற்குப் பிறகு பென் டிரைவிலிருந்து முன்பின் தெரியாத ஒருத்தி புலம்பினாள். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து உதடு மட்டும் அசைத்தாள். இப்போது இருமல் பாதி குறைந்திருக்கிறது. மரத்தூளைப் பற்றிச் சொன்ன பிறகு டாக்டர் மருந்தை மாற்றினார். மீதி எப்போது சரியாகும், சரியாகுமா என்று உறுதி சொல்லவில்லை.

அந்த அறையை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. அடுப்பும் தையல் மெஷினும் அங்கேதான். ஜிக்கெல்லாம் கொட்டகைக்குப் போய்விட்டன. பலகையும் பென்சில் உருவங்களும் மேலே சிவப்பு எழுத்தும் சுவரிலேயே இருக்கின்றன. தள்ளுகட்டை தொங்கிய ஆணியில் அக்கா தன் எக்ஸ்ரே படத்தை மாட்டியிருக்கிறாள். காலை வெயிலில் விலா எலும்புகள் நன்றாகத் தெரியும்.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது, மச்சானோடு வேலை பார்த்த ஒருவர் வந்தார். வழக்கம்போல இரண்டு கையும் விரிந்தன. பத்து விரலையும் பார்த்துவிட்டு வந்தவர் சுவரில் தொங்கிய எக்ஸ்ரேயைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். அக்கா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பி நின்றாள். மச்சான் கைகளை மடக்கிக்கொண்டார்.

“அது ரோசுவோட நெஞ்சு,” என்றார். “அதுக்கு மட்டும் நான் ஒரு பாதுகாப்பும் செய்யல.”