ராமாத்தாளின் அம்புக்குறி

கழுத்துப் பட்டையைத்தான் முதலில் இழுத்துப் பார்ப்பாள். அப்புறம் தோள், கைச்சுற்று, இரண்டு பக்கத் தையல், கீழ் மடிப்பு. கடைசியாகப் பனியனை உள்பக்கம் திருப்பி, டியூப்லைட்டுக்கு நேரே ஓர் உதறு. இருபது எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் ராமாத்தாளின் கை அங்கே தானாக நின்றுவிடும். மேசையோரச் சுருளிலிருந்து சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றைக் கிள்ளி, முனை ஓட்டையைத் தொடும்படி ஒட்டி, சிவப்புக் கூடையில் போடுவாள். "வெளிய பாத்தா எல்லாத் துணியும் மகராசியாட்டத்தான் சிரிக்கும். உள்ள திருப்புனாத்தானுங்க சங்கதி தெரியும்" என்பாள்.

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனி. அதன் செக்கிங் பிரிவில் பத்தொன்பது வருடமாக நின்றபடியே வேலை. ஏற்றுமதி அவசர நாட்களில் சூப்பர்வைசர் வேல்குமார் வந்து கெஞ்சுவான். "இத்தினியூண்டு ஓட்டைங்க்கா. கட்டை வெரல வெச்சா மறஞ்சு போகும். கொஞ்சம் கண்ண மூடிக்குங்க."

ராமாத்தாள் மெய்யாகவே ஓட்டையின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பாள். "மறஞ்சிருச்சு சாமி. போடறவங்க நாள் முச்சூடும் வெரல வெச்சுக்கிட்டே திரிவாங்களா?" என்று கேட்டுவிட்டு அம்பை ஒட்டுவாள்.

"இந்தியாவுக்கு வெளையாடற பொண்ணப் பெத்துப்போட்டு, இங்க வந்து என்ற உசுர வாங்கறீங்களேக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டு போவான் அவன்.

அந்தப் பெண் கீதாஞ்சலி. இருபத்துநாலு வயது, கால்பந்தில் தடுப்பாட்டக்காரி. அரசுப் பள்ளி மைதானத்தில் பையன்களோடு மல்லுக்கட்டத் தொடங்கியவள். விளையாட்டு விடுதி, மாநில அணி, இந்திய அணி என்று ஏறி, முதலில் ஜோர்டானில் ஒரு கிளப்புக்கு ஆடினாள். இப்போது போலந்தில். ராமாத்தாளுக்கு உலகப்படம் தெரியாது. ஏற்றுமதிப் பெட்டிகளில் அச்சடித்திருக்கும் பெயர்கள்தான் அவளுடைய உலகம். "போலந்தா? நம்ம பெட்டி போற ஊருதான் அம்மிணி. குளுரு ஊரு. உள்பக்கம் பஞ்சாட்டம் இருக்கற துணிதான் கேப்பாங்க" என்றாள் மகளிடம். விமானம் ஏறிய நாளில் கொடுத்த புத்திமதி இன்னும் விசேஷம்: "அந்த ஊருப் பொம்பளைங்களுக்குத் தோள் அளவு நமக்கு மேல நாலு இஞ்சு சேத்தி. கையும் நீளம். மோதறப்பச் சூதானமா நில்லு." எல்லாம் கம்பெனியின் அளவு அட்டவணை பார்த்துச் சொன்னதுதான். முதல் ஆட்டம் முடிந்ததும் மகள் போன் செய்தாள்: "நீங்க சொன்னது நெசந்தாம்மா. அந்த நாலு இஞ்சும் என்ற விலாவுலதான் வந்து எறங்குச்சு."

சனிக்கிழமை ஆட்டம் என்றால் அங்கே பகல் பன்னிரண்டு, இங்கே நாலரை மணி. அந்த இரண்டு மணி நேரம் மட்டும் வேல்குமார் கண்ணை மூடிக்கொள்வான். ஸ்டிக்கர் சுருளில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, கை துணியைப் புரட்ட, ராமாத்தாள் ஆட்டம் பார்ப்பாள். பக்கத்து மேசை பாண்டியம்மாள், அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி, எட்டிப் பார்த்துக் கத்துவாள்: "பந்து எங்கிட்டோ கெடக்கு, நீ எங்கக்கா பாக்குற?"

"பந்த ஊரே பாக்குது. என்ற பொண்ணு கால ஆரு பாக்கறது?"

அப்படிப் பார்த்ததில் வந்த வினை இது. மூன்று வாரத்துக்கு முன் ஓர் ஆட்டத்தில், எம்பிக் குதித்து இறங்கிய கீதாஞ்சலி வலது காலை ஊன்ற ஒரு நொடி தயங்கினாள். அங்கிருந்த பயிற்சியாளர் கண்ணில்கூட அது படவில்லை. அன்று ஆட்டம் முடிந்ததுமே, மேசையில் நின்றபடி ராமாத்தாள் போனில் கேட்டாள்: "வலது முட்டிக்கு என்ன அம்மிணி?"

அந்தப் பக்கம் அழுகை. போன வருடம் ஜோர்டானில் தசைநார் கிழிந்து, ஆபரேஷன் செய்து தேறிய அதே முட்டி. "உள்பக்கம் வலிக்குதும்மா. ஆருகிட்டயும் சொல்லீராதீங்க. இன்னும் மூணே மேட்ச்தான். முடிஞ்சதும் அடுத்த ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வாங்கிருவாங்க. இப்பத் தெரிஞ்சா ஊட்டுக்கு அனுப்பிச்சிருவாங்க. இந்த எடத்துக்கு வர்றதுக்குப் பத்து வருசம் ஆச்சும்மா. என்ற மேல சத்தியம் பண்ணுங்க."

பக்கத்து மேசை பாண்டியம்மாள் காதிலும் விழ, ராமாத்தாள் சத்தியம் செய்தாள். ஆனால், முட்டி தேறியபோது இந்திய அணியின் பிசியோ முருகவேல் சொன்னதும் அவள் காதை விட்டுப் போகவில்லை. "மறுபடி கிழிஞ்சா அதோட பந்தை மறந்துட வேண்டியதுதாம்மா. லேசா வலிச்சாக்கூட எனக்குத் தெரியணும். அவ மறைப்பா. நீங்க மறைக்கக்கூடாது."

அந்த மூன்று வாரமும் அவள் மேசையில் சிவப்புக் கூடை சீக்கிரமே நிரம்பியது. வேல்குமார் புலம்பித் தீர்த்தான்.

மூன்றாவது ஆட்டம் போன சனிக்கிழமை. இரண்டாம் பாதியில் ஒரு பந்தைத் தலையால் முட்டிவிட்டுக் கீதாஞ்சலி வலது காலில் இறங்கினாள். கால் மடங்கியது. புல்லைப் பிடித்தபடி எழுந்தாள். ஓரத்தில் மருத்துவர் பையோடு எழுந்து நின்றார். கீதாஞ்சலி சிரித்துக்கொண்டே அவரை நோக்கிக் கட்டைவிரலை உயர்த்தினாள். மருத்துவர் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தியாக்கா, ஒண்ணுமில்லைன்னுட்டா" என்றாள் பாண்டியம்மாள்.

ராமாத்தாள் காலைத்தான் பார்த்தாள். மகளின் மொத்த உடம்பும் இடது காலில் நின்றுகொண்டிருந்தது.

சட்டென்று மைதானம் மறைந்து, திரையில் முருகவேல் பெயர் வந்தது. போன் அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புக்கு நகர்ந்தது.

"எடுக்காதக்கா. இன்னும் இருவது நிமிசந்தான். பெத்த புள்ளைக்குப் பண்ணுன சத்தியம்" என்று முழங்கையைப் பிடித்தாள் பாண்டியம்மாள். அவள் கையை விலக்கிவிட்டு, ராமாத்தாள் போனை எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"அம்மா, நானும் ஆட்டம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வலின்னு உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா? இல்லைன்னு சொல்லுங்க, விட்டுடறேன். இருக்குன்னா, இப்பவே அவங்க டாக்டருக்குச் சொல்லி வெளிய எடுத்துடலாம்."

அவள் கையில் ஒரு குழந்தைச் சட்டை இருந்தது. போலந்துக்குப் போகிற சட்டைதான். கைச்சுற்றுக்குக் கீழே ஊசி வெட்டிய சிறு ஓட்டை. அதன் மேல் தன் கட்டைவிரல் அழுந்தியிருப்பதை அப்போதுதான் பார்த்தாள்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

விரலை எடுத்தாள்.

"வலது முட்டிங்க, தம்பி. உள்பக்கம்."

பிறகு சுருளிலிருந்து ஓர் அம்பைக் கிள்ளி ஒட்டினாள். முனை ஓட்டையைத் தொடாமல் விலகி நின்றது. அதை உரித்தெடுத்து, மறுபடி ஒட்டினாள்.